இடது காலை எடுங்க சம்பந்தி

மூக்கு அரிச்சா அரிக்கட்டும் சம்பந்தி, கையை எடுக்காதீங்க. அந்த வேரை விட்டுட்டீங்கன்னா அப்புறம் சொறியறதுக்கு மூக்கே இருக்காது. அப்படியே பிடிச்சுக்கிட்டு, முகத்தை மண்ணுப் பக்கமே வச்சுக்கிட்டு நில்லுங்க. வலது கால் வச்சிருக்கீங்களே, அந்தப் பாறை ஆடலை. நான் இந்தப் பக்கம் வரும்போது அதுலதான் நின்னு மூச்சு வாங்கினேன். 

என்னது? சத்தமா சொல்லுங்க. கீழ தண்ணி இரைச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

கயிறா? கட்டியாச்சு. உங்க நெஞ்சுல நானே சுத்தி முடிச்சுப் போட்டேனே, மறந்துட்டீங்களா? இந்தப் பக்கமும் கட்டியாச்சு. கெட்டியாத்தான் இருக்கு. மிருகம் எடுக்காம சாப்பாட்டுப் பையை மரத்துல தூக்கிக் கட்டுற கயிறுதான், ஆனா ஒத்தையா இருந்தா உங்க கனத்துக்குப் பத்தாதுன்னு ரெட்டையா மடிச்சிருக்கேன். லேசா இழுக்கிறேன், பாருங்க. தெரியுதா? ஆங். அவ்வளவுதான். தைரியமா இருங்க.

அங்க வந்து கை கொடுக்க முடியாது சம்பந்தி. இந்தச் சரிவு ரெண்டு ஆள் கனம் தாங்காது. நான் ஒல்லி, நான் வரும்போதே எத்தனை கல்லு உருண்டுச்சுன்னு பாத்தீங்கல்ல. அதனால நீங்கதான் வரணும். எனக்கும் உங்களுக்கும் நடுவுல அந்தப் பாறை துருத்திக்கிட்டு இருக்கிறதால உங்களுக்கு நான் முழுசா தெரிய மாட்டேன். தலை தெரியுதா? அது போதும். தலையைப் பாத்துப் பேசுங்க. கீழ ஒண்ணும் பாக்கறதுக்கு இல்ல.

மேலயும் பாக்க வேணாம், நானே சொல்லிடறேன். மேகம் வந்து மலை உச்சியில உக்காந்துடுச்சு. அங்க மழை பிடிச்சா அந்தத் தண்ணியெல்லாம் இந்தச் சரிவு வழியாத்தான் இறங்கும். போன மழையில அப்படி இறங்கினதுதான் நாம வந்த தடத்தையே வழிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. உங்களைப் பதட்டப்படுத்தறதுக்காகச் சொல்லலை. அங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது, அதான் விஷயம். மழைக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்துட்டா, என் தலைக்கு மேல பாறையில மஞ்சள் பெயிண்டு அடிச்ச கோடு இருக்கு. அது நம்ம பாதை. அதுக்கப்புறம் உங்க பையனும் என் பொண்ணும் இருக்கிற மரவீடு வரைக்கும் வெறும் நடைதான்.

இப்ப இடது காலை எடுங்க சம்பந்தி. ஒரு சாண் தள்ளி வெள்ளையா ஒரு கல்லு நீட்டிக்கிட்டு இருக்கு. அதுல வைங்க.

வைங்க.

சரி, வேணாம். இப்ப வேணாம். கொஞ்சம் பேசிக்கிட்டு இருப்போம்.

நான் இவ்வளவு பேசி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. கல்யாணம் ஆகி மூணு வருஷத்துல உங்ககிட்ட நான் பேசினது மொத்தமும் சேத்தா வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான் இருக்கும். கடையிலயும் அப்படித்தான். தைக்க வர்றவங்ககிட்ட அளவு கேக்கவே கூச்சப்பட்டு, எங்க வீட்லதான் முன்னால நின்னு பேசுவா. நான் பின்னால மிஷின்ல உக்காந்து மிதிச்சுக்கிட்டு இருப்பேன்.

உங்க நெஞ்சளவு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே, கயிறு கட்டும்போது? நாப்பத்தி நாலு. கல்யாணத்துக்கு உங்களுக்குக் கோட்டு தைச்சேன்ல? நீங்க நாப்பத்திரெண்டுன்னு சொன்னீங்க. மாப்பிள்ளையோட அப்பா சொல்றதை மறுத்துப் பேச முடியுமா? சரிங்கன்னு நாப்பத்திரெண்டுன்னு எழுதிக்கிட்டு நாப்பத்தி நாலாத் தைச்சேன். பாத்தீங்களா, நான் சொன்ன அளவு எவ்வளவு கச்சிதமா இருக்குன்னு எல்லார்கிட்டயும் காட்டினீங்க. நானும் ஆமாங்க ஆமாங்கன்னேன்.

சிரிக்காதீங்க. உடம்பு குலுங்குது. சிரிப்பை இந்தப் பக்கம் வந்து வச்சுக்கலாம்.

தலையைத் தாழ்த்துங்க! சுவரோட ஒட்டிக்குங்க!

போயிடுச்சு. போயிடுச்சு. தோள்ல பட்டுச்சா? சின்னக் கல்லுதான். மேல ஏதோ அசைஞ்சிருக்கு. வேற ஒண்ணும் வரலை, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணுல மண்ணு விழுந்தா சிமிட்டுங்க, துடைக்காதீங்க.

சம்பந்தி, நீங்க எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்திருப்பீங்க. மேட்டுல நிறுத்தின வண்டியை எடுக்கிறதுக்கு என்ன சொல்லுவீங்க? சொல்லுங்க. நான் சொல்லவா? பிரேக்குல கால் இருக்கட்டும், கிளட்சை மெதுவா விடு, வண்டி லேசா உறுமும், உறுமினப்புறம் பிரேக்கை விடு. என் பொண்ணு உங்க பள்ளியில சேந்தப்போ, ராத்திரியெல்லாம் சாப்பாட்டு மேஜை முன்னால உக்காந்து ரெண்டு தட்டை ஸ்டியரிங்னும் கியருன்னும் வச்சுக்கிட்டு இதைத்தான் சொல்லிக்கிட்டு இருப்பா. எனக்கே மனப்பாடம். ஜென்மத்துல நான் ஒரு வண்டியும் ஓட்டினதில்ல. அவ்வளவு படிச்சும் பரீட்சையில மூணு தடவை பெயிலு. உங்க பையன் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் அதுன்னு நான் நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, பாஸ் பண்ணிட்டா வகுப்பு முடிஞ்சு போயிடுமேன்னு ரெண்டு பேருக்கும் கவலை.

இப்ப நீங்க மேட்டுல நிக்கிற வண்டி. வலது கால் பிரேக்கு. கனம் முழுக்க அதுல இருக்கட்டும். இடது கால் கிளட்சு. மெதுவா, அவசரமே இல்ல, மெதுவா விடுங்க. தூக்க வேணாம், தேய்ச்சு நகத்துங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். அதான் வெள்ளைக் கல்லு. மிதிங்க.

அவ்வளவுதான்! வண்டி நின்னு போகலை பாத்தீங்களா? இடது கையை வேருலேர்ந்து எடுத்து, காது உயரத்துல ஒரு வெடிப்பு இருக்கு, அதுல விரலை நுழைங்க. நுழைஞ்சிடுச்சா? இப்ப வலது கால். பக்கத்துல கொண்டு வாங்க.

நில்லுங்க. மூச்சு விடுங்க.

காலையிலயா? எந்தப் பிரிவு? ஓ, நீங்க வலது பக்கம் திரும்பினீங்களே, அதுவா. ஆமா, அப்பவே எனக்குத் தெரியும், அது பாதை இல்லன்னு.

எப்படியா? நேத்து முழுக்க வழியில விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் நடுவுல ரம்பம் வச்சு அறுத்து, ஆளு நுழையற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பி அறுக்கிறதோட சரி, வேற எந்தப் பராமரிப்பும் இந்தப் பாதைக்குக் கிடையாதுன்னு கீழ வனத்துறை ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல? நீங்க திரும்பின பக்கம் மூணு மரம் ஏறித் தாண்டினோம். ஒண்ணுலயும் அறுத்த முகம் இல்ல. அது மான் போற தடம். மானுக்கு எதுக்கு ரம்பம்?

கோபப்படாதீங்க. எப்படிச் சொல்றது? நீங்க மாப்பிள்ளை வீடு. கிளம்பும்போது எங்க வீட்ல எனக்குச் சொன்ன ஒரே புத்தி அதுதான். சம்பந்தி எது சொன்னாலும் தலையாட்டுங்க, உங்க வாயால பசங்களுக்கு இன்னொரு சண்டை வேணாம்னா. ஏற்கெனவே ஒருத்தர் மரவீட்டுக்குள்ள படுக்கிறாரு, ஒருத்தி சாமான் அறையில படுக்கிறான்னு மலையிலேர்ந்து இறங்கின ஆளு வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. அதைச் சமாதானம் பண்ணப் போற வழியில நான் உங்ககிட்ட வழி தப்புன்னு வாதாடறதான்னு தலையாட்டிக்கிட்டே பின்னால வந்தேன்.

என்னது? உங்களுக்கும் தெரியுமா? எப்ப? ரெண்டாவது மரத்துலயேவா? அப்புறம் ஏங்க நடந்தீங்க?

நான் ஒண்ணும் சொல்லாம வந்ததால சரியான வழிதான் போலன்னு நினைச்சீங்களா! நல்லா இருக்கு. நான் உங்களை மதிச்சு வாயை மூடிக்கிட்டு வந்தேன், நீங்க என் மூடின வாயை நம்பி நடந்தீங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மதிச்சு மதிச்சு இங்க வந்து நிக்கிறோம். நேத்து ராத்திரி அந்தக் கடைசி பிஸ்கட்டும் அப்படித்தானே ஆச்சு? நீங்க சாப்பிடுங்க, இல்ல நீங்க சாப்பிடுங்கன்னு நடுவுல வச்சோம், காலையில பாத்தா எறும்பு தின்னுட்டுப் போயிருக்கு. அவ்வளவு சண்டை போட்டப்புறமும் உபசாரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

ஆமா, சண்டைதான். அதையும் சொல்லிடறேன். என் பொண்ணைப் பத்தி, உங்க பொண்ணு வளந்த விதம் அப்படின்னு நேத்து சாயங்காலம் சொன்னீங்க. உங்க பையன் மலையை விட்டு இறங்கி வந்து உங்க பள்ளியை எடுத்து நடத்தலைங்கிறதுக்கு என் பொண்ணோட வளர்ப்பு என்ன பண்ணும் சம்பந்தி? அந்த வார்த்தை எனக்கு நெஞ்சுல நின்னுடுச்சு. தூங்கலை. காலையில நான் வாயைத் திறக்காததுக்கு முக்கால் பங்கு மரியாதை. மீதி அந்த வார்த்தை.

மன்னிப்பெல்லாம் அங்க நின்னுக்கிட்டுக் கேக்காதீங்க. இந்தப் பக்கம் வந்து கேளுங்க. நானும் அப்பத்தான் யோசிக்கணும்.

சத்தம் கேட்டுச்சா? இடிதான். மேலதான் இடிக்குது. அங்க பிடிச்சிடுச்சு போல. இங்க இன்னும் ஒரு தூத்தல் இல்ல, ஆனா...

சம்பந்தி, பேச்சு போதும். கீழ தண்ணி நிறம் மாறுது. இவ்வளவு நேரம் வெள்ளையா இருந்துச்சு, இப்ப செம்மண்ணா வருது. நீங்க பாக்காதீங்க, நான் பாத்துட்டேன். இடது காலை எடுங்க. இதுக்கு அடுத்த கல்லு கொஞ்சம் தாழ்வா இருக்கு, முழங்காலை மடக்கி இறக்கணும். கிளட்சு. அதேதான். மெதுவா. கால் நுனி தேடுதா? இன்னும் கீழ. இன்னும் ஒரு விரல்கடை. இருக்கு. மிதிங்க.

வலது கை. வேரை விட்டுட்டு அதே வெடிப்புக்குக் கொண்டு வாங்க. நல்லா இருக்கு. வலது கால்.

என்னது, என் பையன்கிட்ட சொல்லுங்கன்னா? உங்க பையன்கிட்ட நான் என்ன சொல்லணும்? பள்ளியை வித்துடச் சொல்லணுமா? அவனுக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யச் சொல்லணுமா? அதையெல்லாம் நான் ஏன் சொல்லணும்? எனக்குப் பேசவே வராது, இதுல நீங்க விட்டுட்டுப் போன சேதியை வேற நான் சுமந்துக்கிட்டுப் போய் அவங்க முன்னால நின்னு முழிக்கணுமா? உங்க வாயால நீங்களே போய்ச் சொல்லுங்க. அவன் முகம் எப்படி மாறுதுன்னு நீங்க பாக்க வேணாமா? சம்பந்தியம்மாவுக்குன்னு ஆரம்பிக்காதீங்க, அதுவும் முடியாது. கையைப் பாருங்க. காலைப் பாருங்க. துருத்திக்கிட்டு இருக்கிற பாறைக்கு வந்துட்டீங்க. இதைச் சுத்தி வந்துட்டா நான்தான்.

இது கொஞ்சம் கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன். வயித்தைப் பாறையோட ஒட்டிக்கிட்டுச் சுத்தணும். வயிறு இருக்கிறது நல்லதுதான், பிடிப்பு கிடைக்கும். இடது கையை அந்தப் பக்கமா நீட்டுங்க. தடவுங்க. பிடிக்கிற மாதிரி ஒரு முண்டு இருக்கும், கதவுக் கைப்பிடி மாதிரி. கிடைச்சுதா? கெட்டியாப் பிடிங்க. இடது காலை...

சம்பந்தி!

பிடிங்க! பிடிங்க! விடாதீங்க! விடாதீங்க!

சம்பந்தி?

இருக்கீங்களா? பேசுங்க. ஏதாவது பேசுங்க.

ஆங். ஆங். சரி. தொங்கிக்கிட்டு இருக்கீங்க, விழலை. கயிறு பிடிச்சிருக்கு. அந்த முண்டையும் விட்டுடலை, நல்ல வேளை. கால் வைக்கிறதுக்கு இடம் தேடுங்க. உதைக்காதீங்க! உதைக்காதீங்க, இழுக்குது. மெதுவா. சுவத்துல பாதத்தைத் தேய்ச்சுத் தேடுங்க. வலது காலுக்குப் பக்கத்துல இருக்கணும். நீங்க விட்ட கல்லு அங்கதானே இருக்கும், எங்க போகும்? தேடுங்க.

சீக்கிரம் தேடுங்க.

வச்சிட்டீங்களா? கனத்தை அதுல கொடுங்க. முழுக்கக் கொடுங்க. கயித்துல தொங்காதீங்க, கால்ல நில்லுங்க. ஆங். இப்ப சரி.

இப்ப சரி.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. குரல் மாறுச்சா? கத்தினேன்ல, தொண்டை கட்டிக்கிச்சு. தலை தெரியலையா? கொஞ்சம் முன்னால நகந்து உக்காந்திருக்கேன், அதான். உங்களுக்குப் பக்கத்துல வந்தா நல்லதுதானே. இருங்க, நான் காலை ஒழுங்கா ஊனிக்கிறேன். ஒரு நிமிஷம். இந்தக் கல்லு பரவாயில்ல. சரி, வாங்க.

இல்ல, அழாதீங்க. அழுதா கண்ணு மறைக்கும். ஆம்பளை அழலாமான்னு கேக்க இங்க ஆளில்ல, ஆனா கண்ணு மறைக்கும். இன்னும் ரெண்டே எட்டுதான். முண்டைப் பிடிச்சிருக்கீங்க, பாதி உடம்பு ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துடுச்சு. இடது காலை எடுங்க. என் பக்கமா நீட்டுங்க. உங்க ஷூவை நான் பாக்கிறேன் இப்ப. அதுக்குக் கீழதான் இருக்கு, அகலமான இடம், மேஜை மாதிரி. இறக்குங்க. இறக்குங்க. இன்னும். மிதிச்சிட்டீங்க!

வலது காலைக் கொண்டு வாங்க. கையைக் கொடுங்க. இப்ப கொடுக்கலாம். கொடுங்க கையை.

வாங்க. வாங்க. வந்துட்டீங்க.

நிக்காதீங்க, தவழ்ந்து வாங்க. விளிம்பை விட்டு இன்னும் இந்தப் பக்கம். பாறையோரமா. ஆங், இங்க உக்காருங்க. சாஞ்சுக்குங்க. தண்ணி என் பையில இருக்கு, பக்கத்துல, நீங்களே எடுத்துக்குங்க. மெதுவாக் குடிங்க. நான் அப்புறம் குடிக்கிறேன். இல்ல, உபசாரம் இல்ல சம்பந்தி, நிஜமா அப்புறம் குடிக்கிறேன். இப்ப பாட்டிலைப் பிடிச்சா கீழ போட்டுடுவேன்.

பாத்தீங்களா, வந்துடுச்சு. கேக்குதா? கல்லும் மண்ணுமாப் போகுது பாருங்க. நீங்க முதல்ல பிடிச்சுக்கிட்டு நின்ன வேரு, அதோ, காணோம். சரி, பாக்காதீங்க. பாத்தாச்சுல்ல, போதும். மழை இங்கயும் வந்துடும். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மஞ்சள் கோட்டைப் பிடிச்சுக் கிளம்பிடலாம். இருட்டறதுக்குள்ள பசங்ககிட்ட போயிடலாம். அங்க போய் யார் என்ன பேசறதுன்னு வழியில முடிவு பண்ணிக்கலாம். நீங்க பேசுங்க, நான் தலையாட்டறேன். தப்பாப் பேசினீங்கன்னா இந்தத் தடவை சொல்லிடுவேன்.

கையைத் தூக்குங்க, உங்க கயித்தை அவுத்துடறேன். அட, விரல் மடங்க மாட்டேங்குது. நீங்களே அவுத்துக்குங்க. முன்னால இழுத்தா வந்துடும், சுருக்கு முடிச்சுத்தான் போட்டிருக்கேன். ஆங். நெஞ்சுல வலிக்குதா? நாளைக்குக் கன்னிப் போகும். ஒண்ணும் ஆகாது.

என்ன தேடறீங்க? மரமா? அதோ, மேல இருக்கு பாருங்க. நல்ல மரம்தான். உங்களுக்குச் சொன்ன மாதிரி அதுலதான் கட்டலாம்னு வந்தேன். எட்டலை. உங்க கனத்துக்குன்னு ரெட்டையா மடிச்சேனா, நீளம் பாதியாப் போச்சு. நான் அளந்து பாக்காம ஒரு வேலையில இறங்கினது என் தொழில்லயே இதுதான் முதல் தடவை. இங்க இருக்கிற கல்லெல்லாம் தொட்டா கையோட வருது. நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து கட்டியாச்சா, கட்டியாச்சான்னு கத்தறீங்க. கட்டினேன். கட்டியாச்சுன்னேன். எதுலன்னு நீங்க கேக்கலை.

அட, என்ன அப்படிப் பாக்கறீங்க. சட்டையைத் தூக்காதீங்க சம்பந்தி, கூச்சமா இருக்கு. கொஞ்சம் தோல் வழண்டிருக்கு, அவ்வளவுதான். நீங்க சறுக்கினப்போ இழுத்ததுல, என் இடுப்புல கட்டின முடிச்சு முதுகுப் பக்கம் போய் இறுகிடுச்சு. எனக்குக் கை எட்டலை. நீங்க கொஞ்சம் அவுத்து விடுங்க.